கத்துகிறவரைத் தாண்டிப் போனவள்

கொட்டாஞ்சேனையில் செலீனின் குரல் தெரியாதவர்கள் என்றால் நேற்றுக் குடிவந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். மூன்றாம் மாடியிலிருந்து அவர் கூப்பிட்டால் கீழே போகும் மரக்கறி வண்டிக்காரரும் நின்று அண்ணாந்து பார்ப்பார். அந்தக் குரலின் பெரும்பங்கு அந்த வருடம் மூத்த மகள் ரொஷேலுக்கே போய்ச் சேர்ந்தது. உயர்தரப் பரீட்சையில் உயிரியலிலும் இரசாயனத்திலும் தேறிவிட்டாலும், பௌதிகவியலை அவள் கோட்டை விட்டிருந்தாள். மூன்று பாடங்களிலும் சித்தியடையாமல் பல்கலைக்கழகத்தை நினைத்துப் பார்க்கவும் முடியாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா எட்வேட், இன்னொரு தடவை எழுதட்டும் என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார். செலீன் முடித்துக்கொள்ளவில்லை.

ரொஷேல் சோம்பேறி இல்லை. அவளுடைய வியாதி வேறு. வினாத்தாளில் எந்தக் கேள்வி கண்ணை உருட்டிப் பயமுறுத்துகிறதோ அதோடுதான் மல்லுக்கு நிற்பாள். அது அவளுடைய நேரத்தை எல்லாம் தின்று தீர்த்துவிடும். அடுத்த பக்கங்களில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் இலேசான கேள்விகளை அவள் எட்டியும் பார்த்திருக்க மாட்டாள். எல்லாம் தெரியும், நேரம்தான் போதவில்லை என்று வீட்டில் வந்து அழுவாள். வெள்ளவத்தை டியூஷன் வகுப்பில் படிப்பிக்கும் சேருக்கு முன்வாங்கில் இருக்கும் பிள்ளைகளைத் தவிர வேறு யாரையும் முகம் தெரியாது. அதனால் அந்த வியாதியை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த வகுப்பில் பக்கத்தில் இருக்கும் அனுஷியாதான் அவளை இளைஞர் முதலுதவி அணிக்கு இழுத்துக்கொண்டு போனவள். சனிக்கிழமை பின்னேரங்களில் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன மண்டபத்தில் பயிற்சி. சமூகசேவை செய்யும் ஆசையில் ரொஷேல் போகவில்லை. அம்மாவின் குரல் கேட்காத இடம் ஒன்று கிடைத்தால் போதும் என்றுதான் போனாள். அணித் தலைவன் நிலாம் மாளிகாவத்தைப் பையன், இவர்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவன். மற்ற நாட்களில் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் பார்சல் கொடுப்பது அவன் தொழில்.

முதல் பயிற்சியில் பஸ் விபத்து நடந்ததாகப் பாவனை. ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு மண்டபம் அதிரக் கத்தினான். ரொஷேல் ஓடிப்போய் அவனுக்கு அழகாகக் கட்டுப் போட்டு, பாராட்டுக்காக நிமிர்ந்தாள். நிலாம் மூலையைக் காட்டினான். அங்கே கதிரைக்குக் கீழே முர்ஷித் என்ற பையன் சத்தமில்லாமல் கிடந்தான்.

"முர்ஷித் மௌத்தாகிட்டார்," என்றான் நிலாம். "கத்துறவருக்கு மூச்சு வந்துகிட்டு ஈக்கி. சத்தம் போடாம கெடக்கிறவரத்தான் மொதல்ல பாக்கணும்."

இறந்துபோனவர் எழுந்து பெட்டிஸ் சாப்பிடத் தொடங்கியபோது எல்லோரும் சிரித்தார்கள். ரொஷேலுக்கு வெட்கத்தில் காது சிவந்தது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் போனாள். உள்ளே நுழைந்ததும் நின்று, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, பிறகே யாரிடமும் போக வேண்டும் என்பதுதான் அங்கே சட்டம். கேட்க இலேசு. சத்தம் வந்த பக்கம் தாமாகவே ஓடும் கால்களைப் பிடித்து நிறுத்த அவளுக்குப் பல சனிக்கிழமைகள் பிடித்தன.

டியூஷனில் மாதிரிப் பரீட்சை வந்தது. வினாத்தாளைத் திறந்ததும் சுழலும் வண்டிச்சில்லு ஒன்றைப் பற்றிய பூதம் போன்ற கேள்வி. பேனா அதில் பாயப் பார்த்தது. ரொஷேல் கையை எடுத்துக்கொண்டு, முதலில் வினாத்தாள் முழுவதையும் புரட்டினாள். தெரிந்தவற்றை ஒவ்வொன்றாக முடித்துவிட்டுக் கடைசியில்தான் பூதத்திடம் வந்தாள். அதில் பாதியைத்தான் செய்ய முடிந்தது. ஆனால் அந்த வகுப்பில் சேர் அவளுடைய பெயரை வாசித்தது அன்றுதான் முதல் தடவை.

செலீன் அசையவில்லை. சனிக்கிழமையும் வீட்டில் இருந்து படித்திருந்தால் இன்னும் கூட வந்திருக்கும் என்றார். அந்த அணியால்தான் புள்ளி கூடியது என்று ரொஷேல் விளக்கி விளக்கிச் சொல்ல, கட்டுப் போடுவதற்கும் பௌதிகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எரிந்து விழுந்தார். பரீட்சை நெருங்கியதும் ஒரே தீர்ப்பாகச் சொல்லிவிட்டார், இனிப் போகக் கூடாது என்று. ரொஷேலுக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. அந்தப் பழக்கம் இன்னும் அவளுக்குள் ஊறவில்லை. இப்போது விட்டால் பரீட்சை மண்டபத்தில் கை மறுபடியும் பூதத்திடம்தான் போகும்.

அடுத்த சனிக்கிழமை அவள் சொல்லாமல் போய்விட்டாள். விஷயம் தெரிந்ததும், மகளைக் கையோடு பிடித்து வர செலீன் மண்டபத்துக்கே வந்துவிட்டார். ரொஷேலும் மற்றவர்களும் பின்கதவுக்கு வெளியே பயிற்சி தொடங்கக் காத்திருந்தார்கள். உள்ளே நிலாம், காயப்பட்டவராகக் கத்தி நடிக்க வேண்டிய ஒருவர் வராததால் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். எங்கே என்ட மகள் என்று வாசலில் கேட்ட குரலின் கனத்தில் அவன் முகம் மலர்ந்தது.

ஆன்ட்டி கொஞ்ச நேரம் கீழே படுத்துக் கத்த முடியுமா, மகள் இப்போது உள்ளே வருவாள் என்று பணிவாகக் கேட்டான். செலீனை ஒருவர் கத்தச் சொல்லிக் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவரால் மறுக்க முடியவில்லை.

கதவு திறந்தது. தரையில் அம்மா. "ஐயோ ரொஷேல், என்ட கால்!" என்று முழு மூச்சாகக் கத்தினார்.  ரொஷேலின் கால்கள் ஓடப் பார்த்தன. அவள் நின்றாள். ஒரு சுற்றுப் பார்த்தாள். சுவரோரம் மற்ற நோயாளியாக அனுஷியா அசையாமல் கிடந்தாள். ரொஷேல் அம்மாவைத் தாண்டி நடந்தாள்.

செலீன் இன்னும் பலமாகக் கத்தினார்; இந்தத் தடவை அது நடிப்பில்லை. ரொஷேல் திரும்பவில்லை. அனுஷியாவின் மூச்சைப் பார்த்து, அவளைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து, அருகில் ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் அம்மாவிடம் வந்து முழங்காலில் இருந்தாள். அம்மாவின் காலுக்குக் கட்டுப் போட்டாள்.

 செலீன் அனுஷியாவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். வினாத்தாளில் பயமுறுத்தும் கேள்வியைத் தாண்டிப் போவதைப் பற்றி மகள் தொண்டை வறள விளக்கியதெல்லாம் அப்போதுதான் அவர் தலையில் ஏறியது.

"பெத்த தாயத் தாண்டிப் போட்டாய்," என்றார். "சரி. இங்க வாறத நிப்பாட்டாத. சோதனை முடியுமட்டும் நான் கத்தினாலும் நீ திரும்பிப் பாக்காத."

அவர் கத்தத்தான் செய்தார். ரொஷேல் திரும்பிப் பார்க்கவில்லை, பௌதிகவியலில் 'B' சித்தி எடுத்தாள்.