மகள் குரல் மட்டும் விழவில்லை

காதில் மெஷின் மாட்டிய நாளிலிருந்து தையல்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகள் வயிற்றில் இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் தாயின் இரண்டு காதையும் வாரிக்கொண்டு போயிருந்தது. மகள் இப்போது ஆறாம் வகுப்பு. காக்ளியர் இம்ப்ளாண்ட் என்று மண்டைக்குள் ஒன்றை வைத்து, காதுக்குப் பின்னால் ஒரு மெஷினையும் மாட்டி அனுப்பினார்கள் டாக்டர்கள். சுவிட்சைப் போட்டதும் எல்லாம் பழையபடி கேட்கும் என்று நினைத்திருந்தாள். வந்தது தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். குழாய்த் தண்ணீர், செருப்பு, கணவன் எல்லாம் ஒரே தகரக் குடும்பம்.

பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார்கள். பழகினாள். வேன் ஓட்டும் கணவன் சாயங்காலம் எதிரே உட்கார்ந்து, அவள் உதட்டைப் பார்த்துப் படித்துவிடாதபடி கையால் வாயை மறைத்துக்கொண்டு "தண்ணி குடு", "கதவ சாத்து" என்று கத்துவான். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவனுக்கு மெதுவாகப் பேசவே வராது. காது கேட்காதவளிடமும் இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியே குடும்பம் நடத்தியவன். மாதக்கணக்கில் இந்தக் கூத்து நடந்ததில் தகரத்துக்குள்ளிருந்து வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின.

கடையில் வேறு கதை. தையல் மெஷின் சத்தம் கேட்கக் கேட்க அவள் கால் தானாக வேகமெடுத்தது. ஒருநாள் யாரோ ஒருவருடைய பேண்ட் காலை அடியோடு மூடித் தைத்துவிட்டாள். "காது வந்ததும் கண்ணு போயிடுச்சாக்கா?" என்று பக்கத்து மெஷின்காரி முணுமுணுத்தது தெளிவாகவே விழுந்தது. அதெல்லாம் நன்றாக விழும்.

எந்தக் குரலுக்காகத் தலையைக் கத்திக்குக் கொடுத்தாளோ, அது மட்டும் விழவில்லை. டிவியும் அப்பாவும் மகளும் ஒன்றாகப் பேசினால் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. அதனால் மகளைத் தனியாகக் கூப்பிட்டு எதிரே நிறுத்திக்கொள்வாள். "நாளைக்கு டெஸ்ட்மா." மகளின் உதடு அழகாக அசையும், ஒரு எழுத்து விடாமல் கண் படித்துவிடும். காதில் ஃபேன் சுற்றுவதுதான் கேட்கும். மெஷினைத் தட்டுவாள், கழற்றி மாட்டுவாள், பேட்டரியை மாற்றுவாள். பெற்ற பிள்ளையின் குரல் ஏறாத காது இருந்தென்ன, போயென்ன என்று நெஞ்சு பொங்கும். மகளிடம் சொல்லவும் பயம். தன் குரலில்தான் ஏதோ கோளாறு என்று பிள்ளை நினைத்துக்கொண்டால்?

கடைசியில் பொறுக்க முடியாமல், மெஷினைச் சரிபார்க்கும் டாக்டரம்மாவிடம் மகளையே இழுத்துக்கொண்டு போனாள்.

"எல்லார் பேசறதும் விழுது மேடம். இவ பேசறது மட்டும் விழல. இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க."

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் பார்த்தார். மெஷினில் ஒரு குறையும் இல்லை. "பாப்பா, அம்மாகிட்ட ஏதாவது பேசும்மா" என்றார்.

மகள் அம்மாவின் பக்கம் திரும்பி, பசிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றாள். டாக்டரம்மா தலையைத் தூக்கினார்.

"எனக்கே கேக்கலையே!"

அப்போதுதான் குட்டு உடைந்தது. நடக்கப் பழகும்போதே பிள்ளை புரிந்துகொண்டிருக்கிறது, அம்மாவிடம் குரலைச் செலவழிப்பது தண்டம், உதடு போதும் என்று. ஊரெல்லாம் வாயாடி என்று பேர் வாங்கியவள், அம்மாவிடம் மட்டும் அன்றிலிருந்து ஒரு சத்தம் போட்டதில்லை. அப்பனுக்கும் அது உறைக்கவில்லை. அம்மாவிடம் மகள் பேசினால் சத்தமே இருக்காது என்பது அவன் பார்த்துப் பழகிய விஷயம்.

தையல்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஆரம்பித்தது அவசரம். "எங்க, அம்மான்னு ஒரு தடவ கூப்பிடு." ஆஸ்பத்திரி வாசலில் கேட்டாள், பஸ்ஸில் கேட்டாள், செருப்பைக் கழற்றும்போது கேட்டாள். மகளுக்கு முகம் சிவந்துபோனது. அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் பழைய பழக்கம் வந்துவிட்டது. உதடு மட்டும் அசைந்தது.

"ஊருக்கெல்லாம் பேசறியே! எங்கிட்ட மட்டும் என்னடி கஞ்சத்தனம்?"

சொல்லியிருக்கக் கூடாது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தையல்காரி தன்னையே நொந்துகொண்டு சமையலறையில் பாத்திரங்களை உருட்டினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"மெஷின் வந்ததுல இருந்து நீ ரொம்ப மோசம்மா!"

"ஆமாடி, மோசம்தான்! அதுக்கு இப்ப என்ன?"

பதில் சொன்ன பிறகுதான் அவள் கை நின்றது. எதிரே முகம் இல்லை, உதடு இல்லை. நடுவில் ஒரு சுவர். மெல்லிசான, கொஞ்சம் கரகரத்த, அழுகை ஒட்டிய குரல். இதுவா? இதுதானா?

உள்ளேயும் அழுகை நின்றிருந்தது. மெல்ல மகள் வாசற்படியில் வந்து நின்றாள். கண்ணை அகல விரித்துக்கொண்டு, பழக்கம் விடாமல் உதட்டால் மட்டும் கேட்டாள், கேட்டுச்சாம்மா?

"கேக்கல" என்றாள் தையல்காரி. "உள்ள போய் இன்னொரு தடவ திட்டு."