ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குப் பத்திரிகை

சந்தனம்மாள் முதியோர் இல்லத்தில் கிடக்கிறாள் என்று யாராவது அவள் காதுபடச் சொன்னால் போதும், சொன்ன ஆளை உட்கார வைத்து இரண்டு திருத்தம் போடுவாள். அது இல்லம் இல்லை, இருபத்தாறு வீடுகள் உள்ள குடியிருப்பு. அங்கே அவள் கிடக்கவும் இல்லை, குடியிருக்கிறாள். முப்பத்தோரு வருடம் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் நர்சம்மாவாக அலைந்தவள். தப்பாகச் சொன்னால் அந்த இடத்திலேயே திருத்திவிடுவது அவளுக்கு உத்தியோகத்தில் படிந்த பழக்கம்.

காரியாபட்டி தாண்டி, மதுரை ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் அந்தக் குடியிருப்பை அவளாகத்தான் தேடிப் பிடித்தாள். கணவர் போன பிறகு மகன் ஜெயபாண்டி பெங்களூருக்கு அழைத்துப் போனான். மகனும் மருமகளும் தங்கமானவர்கள்தான். ஆனால் இருவரும் வேலைக்குப் போனால் பதினோராவது மாடிக்கு இவள்தான் காவல். இரண்டே மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டாள். திரும்பிய வருடமே ஒரு நாள் விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. கத்திப் பார்த்தாள். கூடப்பிறந்த தம்பி இருளப்பசாமியின் வீடு மூன்றாவது தெருவில்தான் இருந்தது. அவன் எட்டிப் பார்த்தபோது மணி பன்னிரண்டு. அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவனுக்கு ஆடு மாடு, உழவு என்று ஆயிரம் ஜோலி. ஆனால் ஆறு மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தவளுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

இப்போது அவள் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி இருக்கிறது, அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் ஆள் வரும். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. சமைக்கத் தோன்றினால் சொந்த அடுப்பு, சோம்பலாக இருந்தால் பொதுச் சாப்பாட்டுக்கூடம். அறுபத்தெட்டு வயதில் கேரம் பழகி, எதிர்வீட்டு கோகிலாம்பாளைத் தினமும் தோற்கடிக்கிறாள். உப்பைக் குறைக்கச் சொல்லிச் சமையல்காரரோடு சண்டை போட்டு ஜெயித்திருக்கிறாள். பன்னிரண்டு வீடுள்ள அவள் தெருவில் யாருக்கு என்ன மாத்திரை, எந்த வேளை என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இத்தனை சுறுசுறுப்பாக அவள் இருந்ததே இல்லை.

இதெல்லாம் இருளப்பசாமிக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் டீக்கடையில் கேட்ட கேள்விதான். “என்னப்பா, அக்காவக் கொண்டு போயி விட்டுட்டீகளாமே?” அன்றைக்குக் குனிந்த தலை அவனுக்கு நிமிரவே இல்லை. ஒன்றரை வருடமாக அவன் காரியாபட்டிப் பக்கமே வரவில்லை.

அப்போதுதான் அவன் மகள் சத்யபிரியாவுக்குக் கல்யாணம் கூடியது. சந்தனம்மாள் கையில் பிறந்த பிள்ளை அது. குலசாமிக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை அத்தைக்குத்தான், அதுவும் அத்தை வாசலுக்கே போய் வெற்றிலை பாக்குத் தட்டோடு வைக்க வேண்டும். இருளப்பசாமி முறையை விடவில்லை. ஊரில் பூட்டிக் கிடந்த அக்கா வீட்டுக்குப் போனான். நிலையில் மஞ்சள் தடவி, கம்பிக் கதவில் பத்திரிகையைச் செருகி, அதை ஃபோட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பியும் வைத்தான்.

சந்தனம்மாள் உடனே ஃபோன் போட்டாள்.

“என்னடா இது?”

“ஒன் வாசல்ல வச்சுட்டேன்க்கா. அதுதான நம்ம வீடு. அங்கெல்லாம் வந்து தட்டத் தூக்கிக்கிட்டு எப்பிடிக்கா நிப்பேன்? பாக்குறவுக என்ன சொல்லுவாக?”

“நீ பூட்டுக்குல்ல பத்திரிகை வச்சிருக்க. கல்யாணத்துக்குப் பூட்டு வரும், பாத்துக்க.”

சொல்லிவிட்டாளே தவிர, போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியவில்லை. போகாவிட்டால் பிரியாவின் முகம் வாடிவிடும், தம்பி உறவும் அத்தோடு முறிந்தாலும் முறியும். போனால், தனக்கு ஒரு வாசல் இல்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். நான்கு நாள் கேரம் பலகைப் பக்கமே அவள் போகவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு கார் வந்து நின்றது. இருளப்பசாமியும் அவன் மனைவியும் இறங்கினார்கள். அத்தை இல்லாமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்று பிரியா ஒரே பிடியாக நின்றுவிட்டாளாம். வரிசையாகக் கட்டிலும் அலுமினியத் தட்டும் இருக்கும் என்று நினைத்து வந்தவன், கோலம் போட்ட வாசலையும், கதவில் ‘சந்தனம்மாள், கிராம சுகாதார செவிலியர் (ஓய்வு)’ என்ற பலகையையும் கண்டு கொஞ்சம் திகைத்தான். அவள் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தான். குளியலறைக்குக் கை கால் கழுவப் போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது.

“அன்னைக்கு ஒரு கம்பி இருந்திருந்தா, நீ அப்பிடிக் கெடந்திருக்க மாட்டேல்லக்கா? நானும் வரலயே அன்னைக்கு.”

“அதை இப்ப எதுக்குச் சொல்ற? விடுடா.”

இருளப்பசாமியும் மனைவியும் எழுந்து தட்டை நீட்டினார்கள். சந்தனம்மாள் கை நீட்டவில்லை.

“என் வீடு ஒன்பதாம் நம்பரு. நம்ம ஊருல முன்னால எட்டு வீட்டத் தாண்டி வந்து ஒன்பதாவது வீட்டுக்கு வைப்பியா?”

“ஏக்கா, இவுகல்லாம் நமக்கு என்ன முறை?”

“நான் கீழ விழுந்தா மொதல்ல ஓடி வர்ற முறை.”

இருளப்பசாமி மனைவியைப் பார்த்தான். அவள் காருக்குப் போய், மதுரைச் சொந்தங்களுக்காக எடுத்து வைத்திருந்த பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இருவரும் தெருமுனையில் முதல் வீட்டு வாசலில் போய் நிற்பதைச் சந்தனம்மாள் தன் படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. தம்பியின் குரல், வயலில் ஆள் கூப்பிடுகிற அதே கனத்த குரல், தெரு முழுக்கக் கேட்டது.

“நான் ஒன்பதாம் நம்பர் சந்தனம்மா கூடப்பொறந்த தம்பி. எங்க அக்கா ஊருக்குப் பத்திரிகை வைக்க வந்திருக்கோம். எல்லாரும் வந்துரணும்.”

சந்தனம்மாளுக்கு அழுகை வந்தது, அத்தனையும் பெருமைதான். உள்ளே போய் முகம் கழுவி, நல்ல சேலையாக ஒன்றை மாற்றிக் கட்டிக்கொண்டாள். பிறகு வாசல் கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் எட்டு வீட்டையும் முடித்து வந்து கூப்பிட்டால்தான் திறப்பது என்று கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டாள்.