எச்சிலான அண்டா

செயலாளர் சார், நீங்கள் பொய் சொன்னீர்கள். அஷ்டமி அன்று கிச்சுரி அண்டாவை எச்சிலாக்கியது நீங்கள். பழியைத் தூக்கி இன்னொரு மனிதர் தலையில் போட்டீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு நாசூக்காக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

லேக் கார்டன்ஸில் நான் டிபன் கடை நடத்துகிறேன். பவானிபூரில், சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குத் தொழில் பழக்கும் மையம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து ஒருவரை என் கடைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஐம்பதை நெருங்கும் வங்காளி. சிறைச் சமையலறையில் பல வருஷம் வெந்தவர். என்ன குற்றம் என்று நான் கேட்கவில்லை. தண்டனையை அனுபவித்துவிட்டு வந்தவரை மறுபடி விசாரிக்க நான் யார்?

முதல் நாள் காலை. கடை முழுக்க ஆள். சாம்பார் இறக்கியாகிவிட்டது, ஆனால் எந்த மேஜைக்கும் போகவில்லை. இவர் ஒரு தட்டில் இட்லியும் சாம்பாரும் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறார். நகரவில்லை.

என் தோசை மாஸ்டர் திருநெல்வேலிக்காரர். கல்லை விட்டு எட்டிப் பார்த்தார். "ஏக்கா, இவரு என்ன தட்ட ஏந்திக்கிட்டு நிக்காரு? சூடம் காட்டணுமோ?"

"என்ன தாதா, என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"நீங்க சாப்பிட்டுப் பாருங்க பௌதி. அப்புறம்தானே கொடுக்கணும்" என்றார் வங்காளத்தில். இங்கே தாதா என்றால் அண்ணன், பௌதி என்றால் அண்ணி. இந்த ஊரில் எல்லாருக்கும் நான் அதுதான்.

சிறையில் அதிகாரி ஒருவர் வாயில் வைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு கரண்டி சோறு வெளியே போகாதாம். அது அவர் உடம்பில் ஊறிவிட்டது. இங்கே அது வேண்டாம் என்று சொன்னோம். தலையாட்டினார். மறுநாளும் தட்டோடு வந்து நின்றார். கடைசியில் நான்தான் விட்டுக்கொடுத்தேன். தினமும் ஒரு வாய் சாப்பிட்டேன்.

பயிற்சிக்குப் பிறகு ஊருக்காக ஏதாவது சேவை செய்ய வேண்டும் என்பது மையத்தின் விதி. சேவை செய்த இடத்தில் நல்லபடியாகச் சொன்னால், ஒரு மருத்துவமனை கேன்டீனில் அவருக்கு நிரந்தர வேலை. தங்க ஓர் அறையும் உண்டு. வெங்காயம் உரிக்கும்போது ஒரே ஒரு தடவை சொன்னார்: "ரூம் கிடைச்சா பொண்ணு என்கூட வந்து இருக்கேன்னு சொல்லியிருக்கா." மகள் சாந்த்ராகாச்சியில் சித்தி வீட்டில் வளர்ந்தவள். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சேவைக்கு நம் தெரு துர்கா பூஜையைக் கேட்டார்கள். கமிட்டியில் மற்றவர்கள் முகம் சுளித்தபோது சரி என்றவர் நீங்கள். அதை மறைக்க மாட்டேன். இந்தக் கமிட்டிக்கு முதல் தமிழ்ச் செயலாளர் நீங்கள். எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

அஷ்டமி மதியம் ஊருக்கே கிச்சுரி, அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்தது. அவரும், அவரைப் போலவே வெளியே வந்த இன்னும் சிலரும் பந்தலுக்குப் பின்னால் சமைத்தார்கள். நான் அடுப்பும் பாத்திரமும் கொடுத்து உதவப் போயிருந்தேன். தேவிக்கான போகத்தை, அதாவது படையலை, புரோகிதர் வீட்டார் தனியாகச் சமைப்பார்கள். படைத்த பிறகு அதில் கொஞ்சத்தை எடுத்து அண்டாவில் கலப்பார்கள். அதுவரை அண்டாவில் இருப்பதை யாரும் வாயில் வைக்கக் கூடாது. இதை அவரிடம் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவரும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிச்சுரி வெந்து இறங்கியதும் பழைய பழக்கம் அவரை இழுத்துவிட்டது. ஒரு தட்டில் கரண்டியோடு எடுத்துக்கொண்டு, அங்கே இருந்தவர்களில் பெரிய அதிகாரி யார் என்று பார்த்து, உங்கள் முன்னால் வந்து நின்றார்.

நீங்கள் அண்டா பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். காலையிலிருந்து விரதம். கை தானாகத் தட்டுக்குப் போனது. கரண்டியால் ஒரு வாய் சாப்பிட்டீர்கள். "ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றீர்கள். அதோடு நின்றிருந்தால் தட்டோடு போயிருக்கும். அதே கரண்டியை அண்டாவுக்குள் விட்டு இன்னொரு வாய் எடுத்தீர்கள்.

அந்த நேரம் புரோகிதரின் மனைவி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "யார் வாய் வச்சது?" என்று அலறினார். கரண்டி உங்கள் கையிலிருந்து தாதா கைக்குப் போனதை நான் பார்த்தேன்.

"இவர்தான். ஜெயில் பழக்கம். சொன்னா மண்டையில ஏறாது" என்றீர்கள்.

"சார், நீங்கதானே சாப்பிட்டீங்க!" என்று கத்தினேன். டாக் மேளம் இடி மாதிரி விழுந்துகொண்டிருந்தது, புரோகிதரின் மனைவிக்கு அது கேட்கவில்லை.

"நீங்க சும்மா இருங்கம்மா. இப்ப சண்டைக்கு நேரமில்ல" என்று தமிழில் என் வாயை அடைத்தீர்கள்.

தாதா தன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். உங்களைப் பார்த்தார். பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பி, "மறுபடி செய்வோம்" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் கண்டதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் கடைச் சமையலறையில் நாள் முழுக்கக் கூச்சல்தான். கூச்சல் இல்லாமல் சமையல் நடக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இவர்கள் வாயே திறக்கவில்லை. எச்சிலான அண்டாவைக் கீழே கொட்டவில்லை. இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதை ஓரக் குடிசைகளுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் இன்னொரு அண்டாவை ஏற்றினார்கள். ஒருவர் கையை நீட்டும்போது நெய் அங்கே இருந்தது. பருப்பு வறுபட்டு முடியும்போது அரிசி கழுவி வந்து நின்றது. துடுப்பு மட்டும் ஒரு கணமும் நிற்கவில்லை. ஒருவர் களைத்தால் அடுத்தவர் கை அவர் கைக்குக் கீழே வந்து பிடிக்கும், மேலே இருந்த கை விலகும், துடுப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த நேரம் யார் கையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒரே உடம்புக்குப் பல கைகள் முளைத்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் பந்தலுக்குள் தேவி பத்துக் கைகளோடு நின்றாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. இருந்தும் அங்கே கையைக் கூப்பியபடி நின்றேன். கோபம்கூட மறந்துபோனது.

நேரத்துக்குச் சோறு வராவிட்டால் பூட்டிக் கிடக்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தில் கற்ற வேலை அது. அதை இவ்வளவு அழகாக ஆக்கி வைத்திருந்தார்கள்.

அண்டா இறங்கியது. இந்த முறை அவர் தட்டை எடுக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றார், போகம் வந்து கலக்கும்வரை. வரிசை தெருமுனை தாண்டியிருந்தது. கடைசி ஆள்வரை இலை நிறையச் சாப்பிட்டார்கள். நீங்களும் உட்கார்ந்தீர்கள். இரண்டாம் தடவை கேட்டீர்கள். அவர்தான் பரிமாறினார். முகத்தில் எதுவும் இல்லை. மற்றவர்களுக்கு விட்ட அதே அளவு உங்களுக்கும் விட்டார். அந்தக் கரண்டியை உங்கள் மேல் எறியாமல் இருந்த மனசு எனக்கு வராது, சத்தியமாக வராது.

பூஜை முடிந்ததும் நீங்கள் மையத்துக்குப் போன் செய்து, ஊர்ச் சாப்பாட்டை அவர் எச்சிலாக்கிவிட்டார் என்று சொன்னீர்கள். கேன்டீன் வேலையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். மகளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் போனையே எடுப்பதில்லை.

நேற்று என் கடைக்கு வந்தீர்கள். "இதப் பெரிசு பண்ணாதீங்கம்மா. நானே அவருக்கு வேற எடத்துல சொல்லிப் பாக்கறேன். நம்ம ஆளுங்க பேரு கெட்டுடும்" என்றீர்கள். நம் ஆட்கள் பேர் கெடுமா? உங்கள் பேர் என்று சொல்லுங்கள்.

வேறு இடம் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூஜை முடிந்து எல்லாரும் கூடுகிற விஜயா கூட்டம். தெருவே வரும், புரோகிதர் குடும்பம் வரும், மையத்திலிருந்தும் ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, வங்காளத்தில், எல்லாருக்கும் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள்: அந்த அண்டாவில் எச்சில் கரண்டியை விட்டது யார்?