இறங்க முடியாத பஸ்

நான் சிறுமியாக இருந்தபோது வாரத்துக்கு ஒருமுறை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குள் ஒரு பஸ் வரும். டிவிக்குள்தான். அது ஒரு சிங்களத் தொடர். மலைப்பாதையில் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு, இலக்கம் எழுதாத பழைய சிவப்பு பஸ் ஒன்று வளைவில் திரும்பும். கொண்டக்டர் படியில் தொங்கியபடி, "எந்த நாளுக்கு?" என்று கேட்பான். ஏறியவர் தனக்கு வேண்டிய நாளைச் சொல்வார். கல்யாணம் நடந்த நாள், பிள்ளை பிறந்த நாள், அம்மா கடைசியாகச் சமைத்துப் போட்ட நாள். டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்ததும் பஸ் அந்த நாளுக்குள் நுழைந்துவிடும். சட்டம் ஒன்றே ஒன்று: யாரும் இறங்கக் கூடாது. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டும்.

லயத்தின் ஒற்றை அறை வீடுகளில் அப்போது எங்கள் காம்பராவில் மட்டும்தான் டிவி. பஸ் வரும் நேரத்தில் உட்கார இடமிருக்காது. எல்லோருக்கும் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு என்பதால் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனால் வாய் மட்டும் ஓயாது.

"நேத்துக்குப் போயி கொழுந்து எடுத்தா பேர் விழுமா?" என்று பக்கத்துக் காம்பரா மாமா ஒவ்வொரு வாரமும் கேட்பார். பேர் விழுந்தால்தான் அந்த நாள் சம்பளக் கணக்கில் சேரும். ஒவ்வொரு வாரமும் எல்லோரும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்கள்.

அம்மா சிரிக்க மாட்டாள். அவளுக்கு அந்தக் கொண்டக்டரைக் கண்டாலே ஆகாது. "எறக்கி விட்டா என்ன, கொறஞ்சா போயிருவான்? பாவம், அந்த மனுசி புள்ளைய ஒரு தடவ தொட்டுட்டு வரட்டுமே!" என்று டிவியைப் பார்த்துத் திட்டுவாள்.

"எறங்கிட்டா அடுத்த கெழம படத்த எப்புடி ஓட்டுவான்?" என்பார் அப்பா. அவருக்கு ஃபேக்டரியில் இராக்காவல் வேலை. காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, டோர்ச்சை மடியில் வைத்து, கதவோரம் உட்கார்ந்து பார்ப்பார். அம்மாவுக்குக் கோபம் ஏற ஏற அவருக்குச் சிரிப்பு தாங்காது. தொடர் முடிந்ததும் எழுந்து வேலைக்குப் போவார். எனக்கு ஏனோ, அவர் அந்த பஸ்ஸில் ஏறித்தான் போகிறார் என்று தோன்றும்.

நான் ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம், மழை நாள் கணக்கில் விடாமல் பெய்தது. ஒரு காலையில் காவல் முடிந்து வந்த அப்பா படுத்துத் தூங்கினார். அம்மா கொழுந்து மலைக்குப் போனாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். முற்பகலில் லயத்துக்கு மேலேயிருந்த மண் அப்படியே சரிந்து வந்து, எங்கள் காம்பரா இருந்த பக்கத்தை மூடிவிட்டது. தோண்டித் தோண்டிப் பார்த்துக் கடைசியில் கைவிட்டார்கள். அப்பா கிடைக்கவில்லை. அவருடைய படமும் எங்களிடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. டிவி, தகரப்பெட்டி, கல்யாணப் படம், அவருடைய அடையாள அட்டை எல்லாமே அவரோடு உள்ளே போய்விட்டன.

இன்றும் ருவான்வெல்லைக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதும் கொண்டக்டர் "எங்கே?" என்று கேட்டால், எனக்குச் சட்டென்று பதில் வராது. ஊர்ப் பெயருக்குப் பதிலாக ஏதோ ஒரு நாள் வாய்க்குள் வந்து நிற்கும்.

அந்தத் தொடரைத்தான் இப்போது மறுபடி எடுக்கிறார்கள். கொழும்பிலிருந்து இளம் டைரக்டர் ஒருவர் அழைத்தார். நான் வானொலிக்கு நாடகங்கள் எழுதியவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தமிழிலும் சேர்த்தே எடுக்கிறோம், தோட்டத்தில் நடக்கிற மாதிரி ஒரு கதை எழுதிக் கொடுங்கள் என்று சிங்களத்தில் கேட்டார். பிறகு சொன்னார்: "இந்தக் காலத்து ஆட்கள் சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பதை ரசிக்க மாட்டார்கள், அக்கா. புதுத் தொடரில் எல்லோரும் இறங்குவார்கள். இறங்கி எதையாவது மாற்றுவார்கள்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்மா அத்தனை வருடங்களுக்கு முன்னால் திட்டியது கொழும்புக்குக் கேட்டுவிட்டது போலிருந்தது. உடனே எழுத உட்கார்ந்தேன். ஒரு பெண் பஸ்ஸில் ஏறி ஒரு மழை நாளைச் சொல்கிறாள். லயத்துக்குக் கீழே பஸ் நிற்கிறது. கொண்டக்டர் விலகி வழிவிடுகிறான். அவள் இறங்கி மேட்டில் ஓடி, கதவைத் தட்டி, தூங்குகிற கணவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வருகிறாள். அவர்களுக்குப் பின்னால் மண் இறங்குகிறது. எழுதி முடித்து அழுதேன். என் எழுத்துக்கு நானே அழுததில் எனக்கு வெட்கமில்லை.

மண்சரிவுக்குப் பிறகு ரோட்டோரம் கட்டிக் கொடுத்த வீட்டில்தான் அம்மாவும் நானும் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தபோது முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவள் கண் கலங்கும் என்று காத்திருந்தேன். அவள் கொட்டையை உரித்தபடியே கேட்டாள்:

"இவ எப்ப அவரோட மொகத்தப் பாக்குறா?"

எனக்கு விளங்கவில்லை.

"ஓடுறா, கதவத் தட்டுறா, கையப் புடிச்சு இழுக்குறா, மறுபடி ஓடுறா. இதுல எங்க பாக்குறா?"

"காப்பாத்திட்டாளேம்மா. இனி காலம் பூரா பாக்கலாமே."

"அது ஒன் கதையில வாற ஆளு. ஒங்கப்பா வர மாட்டாரு." கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "அன்னைக்குக் குளிருக்குப் போர்வைய தலையோட இழுத்து மூடிட்டுப் படுத்திருந்தாரு. காவல் இருந்த மனுசன், எழுப்பக் கூடாதுன்னு சத்தமில்லாம போனேன். மொகத்தப் பாக்கல. இப்ப கண்ண மூடினா கோட்டு தெரியுது, டோர்ச் தெரியுது. மொகம் வர மாட்டேங்குது. அவ எறங்க வேணாம். ஒக்காந்து பாக்கட்டும்."

எனக்கு முணுக்கென்றால் கோபம் வரும். அன்றும் வந்தது. "அப்ப நீங்கதானே எறக்கி விடு, எறக்கி விடுன்னு அந்தப் பாடு கத்துனீங்க?"

"அப்ப ஒங்கப்பா பக்கத்துல ஒக்காந்திருந்தாரு" என்றாள்.

மறுநாளே டைரக்டரோடு போனில் சண்டை பிடித்தேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில், மற்றக் கதைகளில் இறங்கட்டும், உங்கள் கதையில் மட்டும் பழைய சட்டமே இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

படப்பிடிப்பு எங்கள் பழைய லயத்துக்குக் கீழே போகும் பாதையில் நடந்தது. மாவனல்லையில் பழைய பஸ் வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் அதற்குச் சிவப்புச் சாயம் பூசித் தானே ஓட்டி வந்திருந்தார். டிவியில் வந்ததைப் போலவே அது வளைவில் திரும்பி வந்தது. பனிகூட இருந்தது, யாரும் ஏற்பாடு செய்யாத பனி.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், வேடிக்கை பார்க்க வந்த அம்மா முழங்கால் வலியோடு படியேறி உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். நானும் பின்னால் ஏறினேன். டிரைவர் சீட்டில் இருந்த நானா திரும்பிப் பார்த்து விளையாட்டாகக் கேட்டார்: "எந்த நாளைக்கி?"

அம்மா யோசிக்கவே இல்லை. "மழைக்கு முந்தின கெழம. நாங்க எல்லாம் ஒக்காந்து இந்த பஸ்ஸப் பாத்துக்கிட்டு இருந்த நேரத்துக்கு."

நானாவுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. சிரிக்காமல் எஞ்சினைக் கிளப்பினார். பஸ் பனிக்குள் நுழைந்து வளைவில் ஏறியது. லயம் இருந்த இடத்தில் இப்போது ஆளுயரத்துக்கு மானாப்புல். நான் அதைத்தான் பார்த்தேன். அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நெற்றியை அதில் ஒட்ட வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. கதவோரமிருந்து யாரோ தன்னைச் சீண்டுவதைக் கேட்டுப் பொய்க்கோபம் காட்டுகிறவளைப் போல உதட்டைச் சுழித்தாள்.

முன்னால் தொங்கிய கண்ணாடியில் அவளைப் பார்த்த நானா பிரேக்கில் காலை வைத்தார். "நிப்பாட்டவா?"

"வேணாம் நானா" என்றாள் அம்மா, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். "மெதுவா மட்டும் போங்க."