குசினிக் குப்பையின் சூடு

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். வெல்லாவெளி வட்டையில் வயல் செய்த என் கணவரும் கல்லடிக்கு அப்படித்தான் வந்தார். வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு வளவு மணலைப் பழிப்பதே அவருக்கு வேலை.

"இதெல்லாம் ஒரு மண்ணா கா? சீனியக் கொட்டி வச்ச மாதிரிக் கிடக்கு."

நானும் விடமாட்டேன். "அப்ப உங்கட வட்டையத் தலையில தூக்கிற்று வந்திருக்கலாமே."

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பர்மா அரிசி வருவது நின்றதும் எங்கள் கேலியும் நின்றது. அவருடைய வயல் அந்த வருடம் மழையில்லாமல் கருகிப்போனது. களத்தில் நெல் குவியும்போது, அது பெருகவேண்டும் என்று "பொலி, பொலி" என்பார்கள். அந்தச் சொல்லை அவர் களத்தைவிட்டு வேறெங்கும் வாயில் எடுக்கமாட்டார். அந்த வருடம் அதைச் சொல்லக் களமே இல்லை.

கூப்பன் அரிசி கஞ்சிக்கே காணாது. என் மடியிலோ கைக்குழந்தை. பால் வற்றிக்கொண்டே வந்தது. மகள் உறிஞ்சிப் பார்ப்பாள், ஒன்றும் வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். அவள் அழ, நானும் அழுவேன். கீரை தின்றால் பால் ஊறும் என்றாள் அம்மா. கீரைக்கு எங்கே போவது?

கீரைப் பாத்திக்கு எருச் சேர்க்கக் கணவர் வேலியோரம் கிடங்கு வெட்டினார். மீன் செதிள், இறால் கோது, தேங்காய்ச் சக்கை, அடுப்புச் சாம்பல் என்று குசினியில் மிஞ்சியதெல்லாம் அதற்குள் போனது. அவருடைய ஊரில் குளத்துப் பாசியை அள்ளி எருவாக்குவார்களாம். அதே நினைப்பில் வாவிக்கரையில் ஒதுங்கிக் கிடந்த பாசியையும் கடகம் கடகமாகக் கொண்டுவந்து கொட்டினார். கோடையில் எங்கள் வாவி கடல்போலக் கரிக்கும் என்று குளத்துத் தண்ணீரில் வளர்ந்தவருக்கு எப்படித் தெரியும்? அரைகுறையாய் மக்கியதை அவசரப்பட்டு அள்ளிப் பாத்தியில் போட்டார். முளைத்த கீரை முழுவதும் நுனி கருகிப் படுத்துவிட்டது.

அம்மா பாத்தியில் ஒரு கிள்ளு மண் எடுத்து நாக்கில் வைத்தாள். "உன்ட மாப்பிள்ள கீரைக்கு எருப் போடல்லகா. கருவாடு போட்டிருக்கார்."

அவர் மண்வெட்டியை எறிந்துவிட்டுப் போனார். பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. வேறு இடமில்லாததால் நான் மட்டும் குப்பையைக் கிடங்கிலேயே குவித்துவந்தேன்.

மாரி பிடித்தது. அடித்த மழையில் உப்பெல்லாம் கரைந்து மணலுக்குள் இறங்கியிருக்கவேண்டும். அப்போது அதையெல்லாம் யார் நினைத்தார்கள்? ஒருநாள் காலை, மழை சற்று ஓய்ந்த நேரம், மீன் தலைகளைக் கொட்டப் போனேன். குவியலிலிருந்து ஆவி பறந்தது. ஊரே நனைந்து கிடக்கிறது. யாரும் நெருப்பு வைக்கவில்லை. பயந்து பயந்து கையை உள்ளே விட்டேன். புட்டுப் பானையில் பட்டதுபோலச் சுட்டது. கையை உதறிக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன்.

"இஞ்சேருங்க, ஓடி வாங்க!"

அவர் வந்து கிளறினார். அடியில் முள்ளும் இல்லை, தோலும் இல்லை, பாசியும் இல்லை. கன்னங்கரேலென்று மண். மூக்கைப் பொத்திக்கொண்டு நான் கொட்டியதெல்லாம் புதுமழை வாசத்தோடு கிடந்தது. ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"எங்கட வட்டை மண்ணுகா."

"தலையில தூக்காமலே வந்திற்றுப் பாருங்க," என்றேன்.

குவியலின் மறுபக்கம் யாரும் விதைக்காத பூசணி ஒன்று முளைத்திருந்தது. எப்போதோ கறிக்கு வெட்டியதன் விதை. அது வேலியில் ஏறி, குசினிக் கூரையில் படர்ந்தது. கொழுந்தை நுள்ளி நுள்ளிச் சட்டியில் சுண்டினோம். அந்த மண்ணைப் பாத்தியில் பரப்ப, கீரையும் இந்தமுறை நிமிர்ந்து நின்றது. நான் வயிறாரத் தின்றேன்.

ஒரு பின்னேரம் மகளை மடியில் போட்டேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. கடைவாயில் பால் வழிந்தது. நான் எறிந்த மீன் தலையும் இறால் கோதுமா இப்படி வந்து என் பிள்ளையின் தொண்டையில் இறங்குகிறது?

வாசலில் நின்ற கணவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து, களத்தில் நிற்பவரைப்போல இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"பொலி," என்றார் மெதுவாக. "பொலி, பொலி."