இருநூற்று நாற்பத்தாறு குதிரைகள்

சூசையின் காரை அளந்த அன்று நான் போகாமல் இருந்திருக்கலாம். ஒரு காய்ச்சல், ஒரு தலையிடி... ஏதாவது வந்திருக்கக் கூடாதா?

வரவில்லை. நன்றாகத் தூங்கி எழும்பி, சவரம் செய்துகொண்டு போனேன். போன மாதம், ஒரு சனிக்கிழமை காலை.

அளந்த மெஷினுக்குப் பெயர் டைனோ. கராஜ் தரையில் இரண்டு பெரிய உருளைகள். காரின் பின்சில்லுகளை அவற்றின் மேல் ஏற்றி, கார் பாய்ந்துவிடாதபடி பட்டிகளால் இழுத்துக் கட்டுவார்கள். பிறகு முழுவேகம். கார் நின்ற இடத்திலேயே நிற்கும். சில்லுகள் உருளையைச் சுற்றுகிற பலத்தை வைத்து, எத்தனை குதிரைவலு என்று திரை சொல்லிவிடும்.

சூசையின் கார் ஐம்பது வருடத்துக்கு மேல் பழசு. இரண்டு கதவு, ராட்சத எஞ்சின் – அந்த நாளில் அமெரிக்க இளந்தாரிகள் ரேஸ் ஓடுவதற்கென்றே வாங்கிய ரகம். கம்பனி விளம்பரத்தில் 375 குதிரைவலு. அந்த விளம்பரத் தாளைச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டியிருந்தார். கலியாண வீடோ, பூசை முடிந்த கோயில் வாசலோ, எங்கே கண்டாலும், "முந்நூற்றி எழுபத்தைஞ்சு, அண்ணை!"

சிரிக்காதீர்கள். இங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருடம் நோயாளிகளின் கட்டில்களைத் தள்ளிய மனிதர் அவர். பென்ஷன் வந்த வருடமே மனைவி இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. மிஞ்சியது அந்தக் கார்.

அப்படிச் சொல்வதும் தவறு. இரத்தினம் இருந்தார்.

சூசை மன்னார்க் கத்தோலிக்கர். இரத்தினம் சுன்னாகத்துச் சைவர். முப்பது வருடத்துக்கு முன் ஒரே பனிக்காலத்தில் இந்த நாட்டுக்கு வந்து, ஒரே அறையில் இரண்டு மெத்தை போட்டுப் படுத்தவர்கள். சூசையின் மனைவி நோயில் கிடந்த நாட்களில், இரத்தினம் தன் கராஜை மத்தியானத்தோடு மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோனார்.

காரைக் கண்டுபிடித்ததும் அவர்தான். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில், ஒரு வீட்டுப் பின்கொட்டிலில் தூசி மூடிக் கிடந்தது. இரண்டு கோடை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், மெக்கானிக் இரத்தினம் அதன் அடியில் கிடந்தார்.

"எஞ்சினிலை ஒண்டும் மாத்தேல்லை மச்சான். கம்பனி பூட்டினபடியே கிடக்கு" என்று அவர் சொன்னபோது, சூசையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை சூசை, இரத்தினத்தோடு கோயில் ஆட்கள் பத்துப் பேரையும் கூட்டி வந்திருந்தார். எல்லாருக்கும் தின்ன ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் வேறு. டைனோ வைத்திருக்கிற ஜில் என்ற கெபெக் மாகாணத்துக்காரன் காரில் ஏறி அழுத்தினான். கூரை அதிர்ந்தது. சூசை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

திரையில் எண் விழுந்தது. 246.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். "மிச்சக் குதிரையள் எங்கையாம் மேயுதுகள்?"

ஜில் இறங்கி வந்து பிரெஞ்சில் நிறையச் சொன்னான். சூசைக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி பிரெஞ்சு மட்டும் – நோகிறதா, திரும்பிப் படுங்கள். என்னிடம் கேட்டார். "அண்ணை, என்னவாம்?"

ஜில் சொன்னது இதுதான். அந்தக் காலத்தில் கம்பனிகள் எஞ்சினைத் தனியே கழற்றி, ஒரு ஸ்டாண்டில் வைத்து அளந்தன. காற்றாடி இல்லை, சைலன்சர் இல்லை, கியர்பொக்ஸ் இல்லை. வருகிற ஆகப் பெரிய எண்ணை விளம்பரத்தில் போட்டன. காருக்குள் பூட்டினால் இதெல்லாம் பலத்தைத் தின்னும். சில்லில் 246 வந்தால் மிக நல்ல எஞ்சின். யாரும் கைவைக்காத எஞ்சின்.

நான் சொன்னது என்ன தெரியுமா?

"சூசை, உன்ரை காரிலை நூற்றி இருபத்தொன்பது குதிரையை ஆரோ களவெடுத்திட்டாங்களாம்!"

நல்ல பகிடி. பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும்தான்.

சூசை சிரிக்கவில்லை. முகம் கறுத்து, இரத்தினத்தின் பக்கம் திரும்பினார்.

"எஞ்சினை மாத்திப்போட்டியோ? என்ரையை எடுத்து வித்துப்போட்டு, வேறை ஒண்டைப் பூட்டினியோ?"

நான் பதறிப்போனேன். பகிடி என்றேன். ஜில் சொன்னதை முழுவதும், வரி விடாமல் சொன்னேன். யார் கேட்டார்கள்? முப்பது வருட நண்பன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டதே...

இரத்தினம் காரின் முன்பக்கம் போனார். போனட்டைத் திறந்தார். எஞ்சினின் பக்கவாட்டை ஒரு துணியால் துடைத்து, டோர்ச் அடித்தார். இரும்பில் பொறித்த எண்கள் தெரிந்தன.

"காரின்ரை பேப்பரை எடுங்கோ" என்றார். "நம்பரை ஒத்துப் பாருங்கோ. இது உங்கடை எஞ்சின்தான்."

எடுங்கோ. பாருங்கோ. உங்கடை.

முப்பது வருடம் நீ, வா, போ, போடா என்று பழகியவர்கள். வேறு மொழிக்காரனுக்கு இது விளங்குமா? மரியாதையாகப் பேசுகிறாரே, நல்லதுதானே என்பான். சூசைக்கு விளங்கியது. பேப்பரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

எண்கள் ஒத்துப்போயின. இரத்தினம் துணியை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். வரும்போது சூசையின் காரில்தான் வந்திருந்தார்.

அடுத்த வாரமே சூசை மன்னிப்புக் கேட்கப் போனார். திரும்பி வந்து என் குசினியில் இருந்து அழுதார்.

"அவன் ஏசியிருந்தாலும் பரவாயில்லை அண்ணை. வாங்கோ எண்டான். இருங்கோ எண்டான். தேத்தண்ணி தந்தான். வாசல் மட்டும் வந்து வழியனுப்பினான்."

நானும் போனேன், குற்றம் என்னுடையது என்று சொல்ல. இரத்தினம் ஒரு டயரைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "நீங்கள் பகிடிக்குத்தானே சொன்னனீங்கள் அண்ணை. அதை ஏன் அவன் நம்பினவன்?"

அந்நியனைக் குற்றஞ்சாட்ட ஆயிரம் அத்தாட்சி கேட்கிறோம். நெருங்கியவனைச் சந்தேகிக்க மட்டும் ஒரு அரைகுறைப் பேச்சுப் போதுமாயிருக்கிறது. ஏன்?

சூசையின் கார் இப்போது துணி போர்த்தியபடி நிற்கிறது. இரண்டு பேரும் வழியில் கண்டால் வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் நகைச்சுவை நன்றாக இருக்கிறது என்று உங்களில் சிலர் எழுதுகிறீர்கள்... தயவுசெய்து, கொஞ்ச நாளைக்கு அப்படி எழுதாதீர்கள்.