ஒரு ‘வாறேன்’ செய்த வேலை

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போன தை மாதம், ஐந்து வயதுப் பிள்ளை ஒருத்தியை வைத்துக் கொஞ்சம் பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு தேனியிலிருந்து சின்னமனூருக்குப் பஸ் ஏறினேன்.

பிள்ளை என் தங்கை மகள். அவளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அதைப் பற்றிக் கிடைத்த புத்தகத்தையெல்லாம் வாங்கிப் படித்திருந்தேன். விளைவு, பிள்ளையோடு பழகுவதற்கு முன்பே பிள்ளையைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டேன். அவளாக அதிகம் பேச மாட்டாள். ஆனால் ஒரு தடவை கேட்டதை எத்தனை மாதம் கழித்தும் அப்படியே சொல்வாள். அதைச் செல்போனில் படம் பிடித்து, நினைவாற்றல் குறித்து நானே ஒரு சிற்றுரையும் சேர்த்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதுதான் திட்டம்.

துணி கிளிப்புகளை நிறவாரியாக வரிசை வைத்துக்கொண்டிருந்தவள் முன்னால் போனை நீட்டி, “தீவாளிக்கு வந்தப்ப மாமா என்ன சொன்னேன்?” என்று கேட்டேன். அவள் நிமிரவில்லை. அடுத்த கிளிப்பை வைத்துவிட்டு வாயைத் திறந்தாள். என் குரலே அங்கே கேட்டது, என் செருமலோடு சேர்த்து:

“க்கும்... உன் வீட்டுக்காரனுக்கு வெவரம் பத்தாது தாயி. எவன் எதச் சொன்னாலும் தலையாட்டிட்டு வந்துருவான்.”

அந்த வீட்டுக்காரரான மாப்பிள்ளை அப்போது எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவினார், சட்டையை மாட்டினார், மகளைப் பார்த்து “போறேன்” என்றார், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மானம் போன மனிதனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். நான் அந்த ‘போறேன்’னைப் பிடித்துக்கொண்டேன். “என்ன தாயி இது? வாசல்ல நின்னுக்கிட்டு யாராச்சும் போறேன்னு சொல்லுவாகளா? போயிட்டு வாறேன்னு சொல்லத் தெரியாதா மாப்பிள்ளைக்கு?”

“அது வந்துண்ணே, பாப்பாவுக்கு...” என்று தங்கை ஆரம்பித்தாள். நான் விடவில்லை. நம் மொழியில் விடைபெறும் சொல்லுக்குள்ளேயே திரும்பி வருவது ஒளிந்திருக்கிறது என்று விளக்கினேன். நல்ல விளக்கம்தான். அவள் பாவம், பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் மெயின் ரோட்டு ஸ்டாப் வரைக்கும் தாயும் மகளும் என்னை வழியனுப்ப வந்தார்கள். பிள்ளைக்கு ஹாரன் சத்தம் ஆகாது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டுதான் நின்றாள். தங்கை பின்னால் தள்ளி, தெரிந்தவள் ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, பிள்ளைக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக, “வாறேன்டா தங்கம்” என்றேன். அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்காதவள் அப்போது பார்த்தாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வீரபாண்டி தாண்டும்போது தங்கையின் போன் வந்தது. “அண்ணே, பாப்பாவக் காணோம். அடுப்புல உலை வச்சுட்டுத் திரும்புறேன், வாசல் கேட்டு தெறந்து கெடக்கு.”

பஸ்ஸை நிறுத்தி இறங்கி, ஆட்டோ பிடித்தேன். டிரைவர் ஓட்டியது போதாமல் நானும் காலால் தரையை மிதித்து ஓட்டினேன். அவர்கள் தெருவுக்குப் பின்னால் வாய்க்கால். அந்தப் பிள்ளைக்கு ஓடுகிற தண்ணீர் என்றால் உயிர். பின்பக்க வழியாக நேரே அங்கே போனேன். தெருவே கரையில் நின்றது. மாப்பிள்ளை மார்பளவு தண்ணீரில் நின்று, காலால் துழாவிக்கொண்டிருந்தார். கூப்பிட்டாலும் அவள் திரும்பமாட்டாள் என்று தெரிந்தும் ஆளாளுக்குப் பெயர் சொல்லிக் கத்தினார்கள். நானும் கத்தினேன். தண்ணீரை எட்டிப் பார்த்ததில் சட்டைப் பையிலிருந்த போன் உள்ளே விழுந்தது. பிடித்த படமும் அதோடு போனது.

தங்கை திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

“பஸ்ஸு கெளம்பையில அவகிட்ட என்னண்ணே சொன்னே?”

“என்னத்தச் சொன்னேன்... வாறேன்னேன்.”

“அய்யோ, அத ஏண்ணே சொன்னே! வாறேன்னா வரணும் அவளுக்கு. வர்ற வரைக்கும் மறக்க மாட்டாளே. அதுக்குத்தான இந்த வீட்டுல எல்லாரும் போறேன்னு சொல்றோம்!”

சொல்லிக்கொண்டே ஓடினாள். ஸ்டாப்பை யாருமே நினைக்கவில்லை. ஹாரன் கேட்டாலே அலறும் பிள்ளை தானாக அங்கே போவாள் என்று யார் நினைப்பார்கள்?

போயிருந்தாள். நிறுத்தியிருந்த வாழைத்தார் வண்டிக்குப் பக்கத்தில், ரோட்டுக்கு ஓரடி தள்ளி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் உடம்பு தூக்கிப் போட்டது. கண்ணை மட்டும் எடுக்கவில்லை. நான் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் போய் முன்னால் நின்றேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னைத் தாண்டி மறுபடி ரோட்டைப் பார்த்தாள். தங்கை தூக்கப் போனால் விறைத்துக்கொண்டு அலறினாள்.

மாப்பிள்ளைக்குத்தான் புரிந்தது. “பஸ்ஸுல போனவுக பஸ்ஸுலதான் வரணும். ஏறுங்க பைக்குல” என்றார். சொட்டச் சொட்ட நனைந்தபடி, தேனிப் பக்கமாக முந்தின ஸ்டாப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். வழியில் அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கம்பம் பஸ் வந்தது. “ஒரு ஸ்டாப்புக்கா? நடந்து போனா என்ன சார், ஒடம்பு கொறையுமுல்ல” என்றார் கண்டக்டர்.

இறங்கினேன். எதிர்ப்பக்கம் நின்றவள் பார்த்தாள். ரோட்டைக் கடந்து அவளிடம் போனேன். காதிலிருந்து கையை எடுத்தாள். “வந்தாச்சு” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அம்மாவைத் தாண்டி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

நாம் பேசியதை வசதிப்படி மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம்; அந்த வசதி இல்லாத ஒரு பிள்ளையிடம் வாயைத் திறக்க எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்:

“கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல உங்க ‘வாறேன்’ன நம்பி வாசல்ல நின்ன ஒரே ஆளு அவதான்.”